பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு: எட்டு வயது மகளோடு தனியாகப் போகிறேன், வழி சொல்லுங்கள்

பாளை_வாசகி | பிப்ரவரி 9, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

எனக்கு 34 வயது. விவாகரத்து ஆகி இரண்டு வருடம். மகள் மூன்றாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறோம். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் என் பொறுப்பு. மாதம் 21,000. இதற்கு மேல் ஏறாது என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

இப்போது கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போகக் கையில் 38,000 வரும். ஏப்ரல் 15க்குள் சேர வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அதனால் அம்மாவால் என்னோடு வர முடியாது. "பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போ, மாசம் ஒருதரம் வந்து பாத்துக்கோ" என்கிறார். "அந்தச் சம்பளம் மெட்ராஸ்ல வாடகைக்கே பத்தாது" என்கிறான் அண்ணன். இரண்டு பேரும் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவளை விட்டுவிட்டுப் போய் ஒரு நாள்கூட என்னால் வேலை பார்க்க முடியும் என்று தோன்றவில்லை.

மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "சைக்கிளைக் கொண்டு போலாமாம்மா?"

38,000-இல் இரண்டு பேர் இருக்க முடியுமா? எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்? தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

நங்கநல்லூர்_அக்கா | பிப்ரவரி 9, இரவு 11:30

வாம்மா. நான் 2013இல் கும்பகோணத்திலிருந்து ஏழு வயது மகளோடு வந்தவள். இப்போது அவள் காலேஜ் போகிறாள்.

வாடகையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் முதலில் வேறொன்று கேட்கிறேன். பள்ளிக்கூடம் மூன்றரைக்கு விடும். ஆறு மணிக்கு வேலை முடித்து நீ வீட்டுக் கதவைத் திறக்க ஏழு ஆகும். அந்த மூன்றரை மணி நேரம் உன் பிள்ளை எங்கே, யாரோடு, என்ன சாப்பிட்டுக்கொண்டு இருப்பாள்? இதற்குப் பதில் எந்தத் தெருவில் கிடைக்கிறதோ அந்தத் தெருவில் வீடு பார். வாடகை இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.

நான் தலைகீழாகச் செய்தேன். வாடகை குறைவு என்று மேடவாக்கத்தில் வீடு எடுத்தேன். வேலை தி.நகரில். பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு டே கேர், ஆறரைக்கு மூடிவிடுவார்கள். அக்டோபரில் ஒரு நாள் மழை. வேளச்சேரி விஜயநகர் சிக்னலிலேயே பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. போன் சார்ஜ் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஏழு இருபது. கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வெளிப்படியில் பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஷூகூடக் கழற்றவில்லை. ஒரு பக்க லேஸ் அவிழ்ந்து நனைந்து கிடந்தது. எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். அவர் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

நாலே மாதத்தில் அந்த வீட்டைக் காலி செய்தேன். பெயிண்டிங் என்று சொல்லி ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள்.

உனக்கு வேலை கிண்டி என்பது நல்லது. பஸ்ஸை மறந்துவிடு, மின்சார ரயில் பாதையைப் பிடித்துக்கொள். பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், எல்லாம் ஒரே நேர்கோடு. ரோட்டில் என்ன நெரிசல் இருந்தாலும் குரோம்பேட்டையிலிருந்து கிண்டிக்கு இருபது நிமிடம் சொச்சம்தான். மாத சீசன் டிக்கெட் செலவு ஒரு பொருட்டே இல்லை, பெண்களுக்குத் தனிப் பெட்டியும் உண்டு.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 10, காலை 7:15

உங்கள் அண்ணன் சொல்வது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்பும் இல்லை. நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன். எங்கள் தெரு நிலவரத்தை வைத்து ஒரு மாதக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

சிங்கிள் பெட்ரூம் வாடகை 11,500, மெயின்டெனன்ஸ் 1,000, கரண்ட் 900, குடிக்கிற தண்ணீர் கேன் 300. மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள 5,000. பள்ளிக் கட்டணத்தை மாதமாகப் பிரித்தால் 3,000. மளிகை, காய்கறி, பால் 8,500. கேஸ் 450, போனும் நெட்டும் 800, ரயிலும் எப்போதாவது ஆட்டோவும் 1,000, மருந்து மாத்திரைக்கும் திடீர்ச் செலவுக்கும் 2,000. கூட்டினால் 34,450. மிச்சம் 3,550.

இதில் ஊருக்குப் போய் வருகிற செலவு இல்லை, தீபாவளித் துணி இல்லை, அப்பாவின் மருந்துக்கு அனுப்புவதும் இல்லை. அம்மா வீட்டில் வாடகை இல்லாமல் 21,000-இல் நீங்கள் மாதம் ஐந்தாயிரமாவது சேர்த்து வந்திருப்பீர்கள். ஆக, முதல் வருடம் கையில் நிற்கிற பணம் இப்போதைவிடக் குறையும். இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள், அப்போது பயம் இருக்காது. கணக்கு வேலைக்கு இங்கே இரண்டு மூன்று வருடத்தில் சம்பளம் ஏறும். இந்த மாற்றத்துக்கு அதுதான் நியாயம்.

வந்து இறங்குகிற செலவு தனி. அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 57,500, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 11,500, வண்டி 18,000, பள்ளிச் சேர்க்கை 15,000. ஒரு லட்சத்து இரண்டாயிரம். நகையை அடகு வைத்து இதைப் புரட்டாதீர்கள். அந்த வட்டி மேலே சொன்ன 3,550-ஐத் தின்றுவிடும்.

---

சுந்தரி_திருச்சி | பிப்ரவரி 10, காலை 9:40

உங்கள் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தோழி. பழகிய வீடு, பழகிய பள்ளி, பாட்டி கையால் சோறு. அதை விட்டுவிட்டு யாரோ ஒருவர் வீட்டில் பிள்ளை ஏழு மணி வரை காத்துக் கிடக்க வேண்டுமா? ஒரே ஒரு வருடம் விட்டுவிட்டுப் போங்கள். வேலையில் ஊன்றிக்கொண்டு, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கூட்டிக்கொள்ளுங்கள். என் நாத்தனார் அப்படித்தான் செய்தார். பிள்ளை நன்றாகத்தான் வளர்ந்தான்.

---

கோவில்பட்டிக்காரன் | பிப்ரவரி 10, மதியம் 1:20

சுந்தரி அக்கா, உங்கள் மேல் மரியாதை வைத்தே எழுதுகிறேன். அப்படி விடப்பட்ட பிள்ளை நான்.

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்குச் சென்னையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை கிடைத்தது. ஒரு வருடம் என்று சொல்லி ஆச்சியிடம் விட்டுப் போனார். அது மூன்று வருடம் ஆனது. ஆச்சி என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார். பசி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எஸ்டிடி பூத்துக்கு அம்மா போன் வரும். எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருப்பேன். போன் வந்ததும் "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்பார். நான் "ம்" என்பேன். வேறு ஒன்றும் வாயில் வராது. பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள்.

அம்மாவை நான் குறை சொல்லவே மாட்டேன். அவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் சென்னைக்கு வந்து அவரோடு இருந்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் பேசத் தெரியவில்லை. அது சரியாகச் சில வருடம் ஆனது. பாளை அக்காவுக்கு வேறு வழி இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு வருடம் என்பது ஒரு வருடத்தில் முடியாது.

---

சுந்தரி_திருச்சி | பிப்ரவரி 10, மதியம் 2:05

தம்பி, படித்ததும் மனசு கனத்துவிட்டது. என் நாத்தனார் மகனிடம் நான் இப்படி ஒரு நாளும் கேட்டதே இல்லை. ஒரு வருடம் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் வீடு, பள்ளி, மாலை ஏற்பாடு மூன்றும் முடிவாகும் வரை பிள்ளை பாட்டியிடம் இருக்கட்டும். ஏப்ரலில் பரீட்சை முடியும், மே முழுக்க லீவு. நீங்கள் முன்னால் போய் ஆறேழு வாரம் தனியாக இருந்து எல்லாவற்றையும் சரி செய்தால் என்ன?

---

நங்கநல்லூர்_அக்கா | பிப்ரவரி 10, மதியம் 2:30

சுந்தரி சொல்கிற இது நல்ல யோசனை. அந்த ஆறேழு வாரத்துக்குத் தமிழக அரசின் தோழி விடுதி பார்க்கலாம். தாம்பரம், அடையாறு, கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. வேலை பார்க்கும் பெண்களுக்கானது, மாதக் கணக்கில் தங்கலாம். தாம்பரத்திலிருந்து உனக்கு நேர் ரயில். இடம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவை.

---

வழக்கறிஞர்_மதுரை | பிப்ரவரி 10, இரவு 8:45

யாரும் தொடாத ஒரு விஷயம். தீர்ப்பில் குழந்தையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? தகப்பனார் வந்து பார்க்கும் உரிமை இருக்கிறதா?

---

பாளை_வாசகி | பிப்ரவரி 10, இரவு 9:50

எல்லோருக்கும் நன்றி. கோவில்பட்டித் தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

சார், பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. மகள் என் பொறுப்பில். அவர் மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வந்து பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறது. அவர் தூத்துக்குடியில் இருக்கிறார். பாதி மாதம் வருவார், பாதி மாதம் வர மாட்டார். அவள் அன்று காலையிலேயே தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

---

வழக்கறிஞர்_மதுரை | பிப்ரவரி 10, இரவு 10:25

அப்படியென்றால் சொல்லாமல் கிளம்பாதீர்கள். வேலைக்காக ஊர் மாறுவது தப்பே இல்லை. ஆனால் 600 கிலோமீட்டர் தள்ளிப் போனபின் "பார்க்க விடவில்லை" என்று அவர் நீதிமன்றத்தில் மனு போட்டால், நீங்கள் அதற்காகத் திருநெல்வேலிக்கு அலைய வேண்டும்.

முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போதாது, பதிவு சேர்த்த ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்புங்கள். வேலை, ஊர், தேதி, மாற்று ஏற்பாடு என்ன என்று மரியாதையாக எழுதுங்கள். மாதம் ஒரு ஞாயிறுக்குப் பதிலாகக் காலாண்டு, அரையாண்டு லீவில் சில நாள், மே மாதத்தில் சில வாரம், இடையில் வாராவாரம் வீடியோ கால் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால் இருவரும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் பார்வை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி நீங்களே மனு போடலாம். இந்து திருமணச் சட்டப்படி வந்த தீர்ப்பு என்றால் அதன் 26ஆம் பிரிவில் இதற்கு வழி இருக்கிறது.

தீர்ப்பின் சான்றிட்ட நகல் நாலைந்து எடுத்து வையுங்கள். பள்ளியில், வங்கியில், பாஸ்போர்ட்டுக்கு என்று எங்கே போனாலும் "அப்பா கையெழுத்து எங்கே" என்பார்கள். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். பலருக்கு இது தெரிவதில்லை.

---

கரூர்_அப்பா | பிப்ரவரி 11, காலை 6:30

நான் மனைவியை இழந்தவன். மகனுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது கரூரிலிருந்து அம்பத்தூர் வந்தேன். அவனுக்கு இப்போது பதினொன்று.

பெண்ணுக்கு வீடு கொடுக்க யோசிப்பார்கள் என்கிறீர்கள். பிள்ளையோடு தனியாக நிற்கும் ஆணுக்கும் அதே கதைதான். "ஃபேமிலிக்குத்தான் சார் கொடுப்போம்" என்றார்கள். என் மகனை முன்னால் நிறுத்தி இதுதான் என் ஃபேமிலி என்றேன்.

நான் சொல்ல வந்தது காய்ச்சல் நாளைப் பற்றி. வீடு கிடைத்துவிடும், பள்ளி கிடைத்துவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பிள்ளை உடம்பு அனலாகக் கொதிக்கும். அன்றைக்கு ஆபீசில் மாதக் கணக்கு முடிப்பு. ஊரில் என்றால் அம்மா இருப்பார். இங்கே யார்? அதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும். ஒன்று, வேலையில் சேரும்போதே மேலாளரிடம் நிலைமையைச் சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். எத்தனை நாள் லீவு, வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா, எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எல்லாவற்றையும் மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு, உங்கள் லீவில் ஐந்து நாளைப் பிள்ளைக்கு என்று ஒதுக்கிவிட்டு, அதைக் கல்யாணம் காட்சிக்குத் தொடாதீர்கள். மூன்று, பகலில் வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தோடு பழகுங்கள். நான் வந்த முதல் வருடம் எதிர்வீட்டு அம்மா என் மகனுக்கு மிளகு ரசம் வைத்துக் கொடுத்ததை மறக்க மாட்டேன். அவர்கள் ஊருக்குப் போகும்போது செடிக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்படித்தான் இங்கே உறவு உண்டாகிறது.

நடுராத்திரியில் பெரிதாக ஏதாவது என்றால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 

---

பாளை_வாசகி | பிப்ரவரி 22, இரவு 9:10

நேற்றும் இன்றும் சென்னையில் இருந்தேன். நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்கி, சித்தப்பா மகனோடு வீடு பார்த்தேன். ஏழு வீடு. ஐந்து வீட்டில் முதல் கேள்வி "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" விவாகரத்து என்றதும் இரண்டு வீட்டில் சாவியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் மட்டும் அந்த அம்மா படியிறங்கி வந்து, "தப்பா எடுத்துக்காதம்மா, எங்க வீட்டுப் பெரியவர் ஒத்துக்க மாட்டார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

புரோக்கர் ஒரு வழி சொல்கிறார். "கணவர் துபாயில் இருக்கிறார் என்று சொல்லுங்கள், உடனே முடிந்துவிடும்." சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. இன்னும் ஏழு வீட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை.

---

நங்கநல்லூர்_அக்கா | பிப்ரவரி 22, இரவு 9:25

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நான் அதைச் செய்தவள்.

மேடவாக்கத்தை விட்டு வந்த இரண்டாவது வீட்டில் "அவர் மஸ்கட்டில் இருக்கிறார்" என்று சொன்னேன். வீடு கிடைத்தது. அதற்கப்புறம் அந்தப் பொய்யை என் மகளும் சுமக்க வேண்டியதாயிற்று. ஏழு வயதுப் பிள்ளையிடம் "யாராவது கேட்டா அப்பா மஸ்கட்ல இருக்கார்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் தீபாவளிக்குக் கீழ்வீட்டு மாமி "அப்பா எப்ப வரார்? சாக்லேட் வாங்கிண்டு வருவாரா?" என்று கேட்டிருக்கிறார். இவள் "அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாசம் முழுக்க மொட்டை மாடிக்கு விளையாடப் போகவே மாட்டேன் என்றாள். எனக்குக் காரணம் புரியவில்லை. பிறகு ஒரு ராத்திரி, "மாமி கேட்டா இப்ப என்னம்மா சொல்றது?" என்று அழுதாள்.

மறுநாளே கீழே போய் மாமியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டுவார், காலி செய்யச் சொல்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனேன். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேடி" என்றார். அதற்கப்புறம் பத்து வருடம் என் பிள்ளைக்குச் சாயங்கால டிபன் மாமி வீட்டில்தான்.

எல்லா வீட்டிலும் மாமி இருக்க மாட்டார் என்று தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் மூடுகிற கதவு மூடட்டும். அந்த வீட்டில் எப்படியும் உன் பிள்ளை நிம்மதியாக இருந்திருக்க மாட்டாள்.

---

மாடிப்போர்ஷன் | பிப்ரவரி 22, இரவு 10:40

நான் வீடு வாடகைக்கு விடுகிறவள். பல்லாவரத்தில் கீழே நாங்கள், மாடியில் ஒரு போர்ஷன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். அதை நியாயப்படுத்துவதற்காக அல்ல.

தனியாக இருக்கும் பெண் என்றால் எங்களுக்கு வருகிற பயம் இரண்டு. வாடகை தவறுமா, முன்னாள் கணவர் வந்து வாசலில் சண்டை போடுவாரா. இரண்டாவது பயத்துக்குப் பயந்து நானும் ஒரு பெண்ணை ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவள் முகம் இன்னும் மறக்கவில்லை. இப்போது எங்கள் மாடியில் இருப்பது ஒரு நர்ஸும் அவள் மகனும். நாலு வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை ஐந்தாம் தேதியைத் தாண்டியதில்லை.

கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "நானும் என் பொண்ணும் மட்டும். கிண்டியில வேலை, இதோ ஆஃபர் லெட்டர். விவாகரத்து முடிஞ்சுடுச்சு, பிரச்சனை ஒண்ணும் இல்ல." இவ்வளவுதான். தயங்கித் தயங்கிச் சொன்னால்தான் கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியது: தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, போர் தண்ணீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் காசு, கரண்டுக்குத் தனி மீட்டரா, இல்லை யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கா. வெள்ளத்தைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்கள் சுவரிலேயே கை வைத்துக் காட்டுவார்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வாடகை குறைவு என்று யாராவது சொன்னால் இதைக் கேட்காமல் போகவே போகாதீர்கள். எங்கேயானாலும் முதல் மாடி நல்லது.

---

வழக்கறிஞர்_மதுரை | பிப்ரவரி 23, காலை 7:50

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நடைமுறையில் ஐந்தும் பத்தும் கேட்கிறார்கள், நானும் அறிவேன். ஆனால் சட்டத்தைச் சொல்லிப் பேசினால் பத்து ஐந்தாகக் குறையும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதிவும் செய்ய வேண்டும். பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 23, காலை 8:30

பள்ளியைப் பற்றி. இப்போது ஸ்டேட் போர்டில் படிக்கிறாள் என்றால் இங்கேயும் அதிலேயே சேருங்கள். பாளையில் படித்த அதே சமச்சீர் புத்தகம்தான். ஊர், வீடு, பாட்டி எல்லாம் ஒரே நேரத்தில் மாறும்போது பாடப் புத்தகமாவது மாறாமல் இருக்கட்டும். தனியார் பள்ளி என்றால் கட்டண நிர்ணயக் குழு விதித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள், அதற்கு மேல் வாங்கக் கூடாது. நன்கொடை கேட்பதும் சட்டப்படி தப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் எல்கேஜி மாதிரி நுழைவு வகுப்புக்குத்தான், உங்களுக்கு வராது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அரசுப் பள்ளியையும் அரசு உதவிபெறும் பள்ளியையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சிற்றுண்டி போடுகிறார்கள். ஏழு மணிக்கு அவசரமாகத் தோசை ஊற்றும் உங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று ஜூனில் தெரியும். டிசி வரத் தாமதம் என்று சொல்லி அங்கே சேர்க்கையை மறுக்கவும் முடியாது.

---

பாளை_வாசகி | மார்ச் 15, இரவு 10:05

வீடு கிடைத்துவிட்டது!

குரோம்பேட்டை, ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. முதல் மாடி, வாடகை 12,000. மாடிப்போர்ஷன் அக்கா சொன்ன மாதிரி வாசலில் நின்றவுடனே நானே சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. அந்த ஐயா ரிட்டயர்டு ரயில்வேக்காரர். எல்லாம் கேட்டுவிட்டு, "பொண்ணு எந்த கிளாஸ்?" என்றார். அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்டார், பேசி நாலு ஆக்கினோம். பெயிண்டிங்குக்குப் பாதி மாத வாடகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியாயிற்று.

இந்த வீட்டுக்கு ஏன் ஒத்துக்கொண்டேன் என்றால், இரண்டு வீடு தள்ளி ஒரு டீச்சர் இருக்கிறார். தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் ட்யூஷன் எடுக்கிறார். பள்ளி விட்டதும் அவரே நடந்து போய்க் கூட்டிக்கொண்டு வந்து, ஏழு மணி வரை வைத்துக்கொள்கிறார். மாதம் 4,500. கூடத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டும். பிள்ளைகளுக்கு அவல் கலந்து கொடுத்தார்கள். அந்த அம்மா ஒரு பையனின் சட்டைப் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார். நங்கநல்லூர் அக்கா, அப்போது உங்களைத்தான் நினைத்தேன்.

பள்ளி உதவிபெறும் பள்ளி, நடக்கிற தூரம். ஆபீசில் ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை என்று மெயில் வாங்கிவிட்டேன்.

மகளின் அப்பாவுக்கு ஸ்பீட் போஸ்ட் போட்டேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தார். கொஞ்சம் சத்தம் போட்டார், அப்புறம் மே மாதம் இரண்டு வாரம் என்றால் சரி என்றார். வக்கீல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 12 கிளம்புகிறேன். தாம்பரம் தோழி விடுதியில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

---

கரூர்_அப்பா | மார்ச் 16, காலை 6:10

படித்ததும் மனசு நிறைந்தது. சாமானுக்கு முழு லாரி பிடிக்காதீர்கள். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் வண்டி கிடைக்கும். ரிட்டர்ன் வண்டி என்று கேட்டால் வாடகை வெகுவாகக் குறையும். பீரோ, கட்டில் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். பிள்ளையின் தலையணையையும் போர்வையையும் மட்டும் துவைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

---

பாளை_வாசகி | மே 31, இரவு 9:30

மூன்று நாள் முன்னால் மகள் வந்துவிட்டாள். அம்மாதான் ரயிலேற்றக் கூட வந்தார், அண்ணன் கொண்டு வந்து விட்டான். அம்மா ஸ்டேஷனில் அழவில்லை. வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்.

விடுதியில் இருந்த ஆறு வாரமும் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். கோவில்பட்டித் தம்பி சொன்னதை மனதில் வைத்து, "சாப்பிட்டியா" என்று கேட்பதையே விட்டேன். "இன்னைக்கு ஆச்சி யாரைத் திட்டினா?" என்று கேட்பேன். அரை மணி நேரம் பேசுவாள். அப்படியும் நாலாவது வாரம் இரண்டு நாள் போனுக்கே வரவில்லை. ஆறு வாரத்துக்கே இப்படி.

இன்னும் சரியாகாதது இரண்டு. ரேஷன் கார்டில் அம்மா வீட்டிலிருந்து பெயர் நீக்கிப் புதுக் கார்டு வாங்க வேண்டும். பள்ளியில் ஒரு படிவத்தில் அப்பா கையெழுத்து கேட்டார்கள், தீர்ப்பு நகலைக் காட்டியதும் தலைமையாசிரியை என் கையெழுத்தே போதும் என்றார். ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய அப்பா எண்ணைச் சேர்க்கச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள். பள்ளி திறந்ததும் நேரில் போய்ப் பேச வேண்டும்.

ராத்திரி தூக்கம் வராமல் "இங்க ஏன் இவ்ளோ சத்தம்" என்கிறாள். ரயில் சத்தம். வீட்டுக்கார ஐயா படியில் உட்கார்ந்து, போகிற சத்தத்தை வைத்து அது லோக்கலா எக்ஸ்பிரஸா என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். நேற்றிலிருந்து அதுதான் விளையாட்டு.

சைக்கிளை ரயில் பார்சலில் போட்டிருந்தோம். இன்று எழும்பூரில் போய் எடுத்தோம். ஒரு பெடல் வளைந்திருக்கிறது, பெல் இல்லை. குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற சைக்கிள் கடை யாருக்காவது தெரியுமா?

---

கணக்குப்பிள்ளை | மே 31, இரவு 9:48

ராதா நகர் பக்கம் ஒரு கடை இருக்கிறது, நாளை பதினொரு மணி வரை திறந்திருப்பார். நானே வந்து காட்டுகிறேன். பழைய பெல் ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது, கொண்டு வருகிறேன்.